பழைய ரயில் கட்டையைத் தோட்டத்தில் போடலாமா?

பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கும் உங்கள் வீட்டில் கறிவேப்பிலைப் பாத்திக்கு வரப்பாக, மலிவாகக் கிடைத்த பழைய கம்பிச்சடக்குக் கட்டைகளை, அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டைகளைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க.

மத்தியான வெயிலில் அந்தக் கட்டையைப் பாருங்கள், வெடிப்புகளில் கறுப்பாகப் பிசுக்கு கசிந்து நிற்கும், தார் வாடை மூக்கில் ஏறும். அதுதான் கிரியோசோட். நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடித்த எண்ணெய். கெம்பாஸ் மாதிரி மரங்களைக் கரையான் அரிக்காமலிருக்க உள்ளே அழுத்தி ஏற்றுவார்கள். அதில் நூற்றுக்கணக்கான ரசாயனங்கள் உண்டு, மோசமானது பென்சோபைரீன். 1933இல் நிலக்கரித் தாரிலிருந்தே பிரித்தெடுத்தார்கள், இன்றைக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ஐந்து பென்சீன் வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு, தண்ணீரில் கரைவதே அபூர்வம், அதனால் நம்ம ஊர் மழை கழுவிவிடும் என்று நினைக்காதீர்கள். மண்துகளைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும், கிழங்குத் தோலிலும் ஒட்டும்.

சரி, வாங்கியாச்சு என்றால்? வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், முக்கியமாக எரிக்காதீர்கள். பாத்திக்குச் செங்கல் போதும்.