செம்பைத் துலக்காமல் வையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டுப் பொருள்களைப் படம் எடுப்பது

கேள்வி: அப்பத்தா முகத்தில் பூசிக்கொள்ளத் தனாக்கா மரக்கட்டையை அரைத்த கல்லையும், அவர் தண்ணீர் குடித்த பித்தளைச் செம்பையும் கைபேசியில் படம் எடுத்து, சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். "கடையில விக்கிற சாமான் மாதிரி இருக்குக்கா" என்று சொல்லிவிட்டான். செம்பைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த பிறகுதான் எடுத்தேன். கல்லையும் கழுவினேன். வேறு என்ன செய்யணும்?
– வாசகி, தாட்டோன், பர்மா

பதில்: புளியை எடுத்து உள்ளே வையுங்கள் அம்மா. தேய்த்த பித்தளை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அது யார் வீட்டுச் செம்பு என்று சொல்வது கறுப்பும் கீறலும் நசுங்கலும்தான். நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் அது தானாகவே மங்கிவிடும், அதுவரை பொறுத்திருங்கள். அதற்குள் கல்லை எடுத்துவிடலாம்.

அந்தக் கல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வட்டக் கல், விளிம்பைச் சுற்றித் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால். நடுவில் கையை வைத்துத் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். தினமும் காலையில் கட்டையைத் தண்ணீர் தொட்டு அப்பத்தா அரைத்து அரைத்து விழுந்த பள்ளம் அது. உங்கள் தம்பி பார்க்க விரும்புவது அதைத்தான். மேலே எரியும் டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாது. வெளிச்சம் நேராகக் கொட்டும்போது நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் இல்லை.

விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னலோரத்தில் ஒரு பலகை போட்டு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து கல்லை உரசிக்கொண்டு போகிற மாதிரி வையுங்கள். பள்ளத்தின் ஒரு கரையில் மெல்லிய நிழல் விழும். வாய்க்காலில் காய்ந்த தனாக்காப் பொடி ஒட்டியிருந்தால் அதுவும் தனியாகத் தெரியும் (இனிமேல் கழுவவே கழுவாதீர்கள்). நிழல் ரொம்பக் கறுத்துப் போனால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் போதும். கைபேசியைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அருகிலிருக்கும் விளிம்பு உப்பிக்கொண்டு நிற்கும். அதனால் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். திரையில் கல்லைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை மேகம் மூடிய நாட்களை விட்டுவிடாதீர்கள். அப்போது வானம் முழுக்க ஒரே விளக்குதான். கரண்ட் போனாலும் நமக்குக் கவலையில்லை. செக் நாட்டுப் புகைப்படக்காரர் யோசப் சூடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940-க்குப் பிறகு, பிராக் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, தன் ஸ்டூடியோ ஜன்னலையும் அதன் விளிம்பில் வைத்த சின்னச் சாமான்களையும் படம் எடுக்கத் தொடங்கி, பல வருஷம் எடுத்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்து, ஒரு டம்ளர் தண்ணீருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர் வேறு யாரும் இல்லை.

கேள்வி: பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, பகான் ஊரின் யூன் வேலை (மரப்பால் பூசிப் பளபளப்பாக்கியது). எப்படி வைத்தாலும் ஜன்னலே அதில் வெள்ளையாக விழுகிறது. பக்கத்தில் வைத்த வெண்கலக் கிண்ணத்திலும் அதே தொல்லை.
– வாசகர், மோல்மேன்

பதில்: இரண்டுக்கும் வேறு வேறு மருந்து. யூன் பெட்டி மூங்கில் பின்னலின் மேல் திட்ஸி மரத்துப் பாலைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசிச் செய்தது. அந்தப் பளபளப்பைப் போலரைசிங் ஃபில்டர் குறைக்கும். ஃபில்டர் இல்லையென்றால் போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கைபேசி லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேர் மேலே நின்றால் பலிக்காது, சாய்வாக நிற்கணும். பெட்டி உருண்டை என்பதால் மினுமினுப்பு முழுசாகப் போகாது. கொஞ்சம் இருக்கட்டும், அதுவும் யூனின் அழகுதான்.

வெண்கலத்துக்கு ஃபில்டர் உதவாது, உலோகத்தில் படும் ஒளியின் குணம் அப்படி. ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தைப் பரப்பிவிடுங்கள். கூசும் வெள்ளைத் திட்டு மென்மையாகிவிடும்.

அப்புறம், பெட்டியை மூடியே எடுத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. திறங்கள். தட்டில் சுண்ணாம்புக் கறை இருக்குமே!

கேள்வி: என்ன கேமரா வாங்கலாம்?
– மாணவர், பெகு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கைபேசியைப் பிடித்துக்கொள்ளும் சின்ன டிரைபாட் ஒன்று வாங்குங்கள். மங்கலான அறையில் கை ஆடாமல் இருப்பதுதான் முக்கியம்.

கேள்வி: 1964-இல் தாத்தா குடும்பத்தோடு மெட்ராஸ் கப்பல் ஏறினார். பெரியப்பா மட்டும் இங்கேயே தங்கிவிட்டார், நான் வளர்ந்தது அவரிடம்தான். தாத்தா விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் செல்லாத 100 கியாட் (பர்மாப் பணம்) நோட்டுகள் சில கிடக்கின்றன. வெறும் காகிதத்தைப் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது என்கிறார்கள் வீட்டில். எடுக்கலாமா?
– வாசகர், ரங்கூன்

பதில்: கட்டாயம் எடுங்கள். 1964 மே 17-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தச் சமயத்தில் கப்பலேறியவர்களை நகையையும் ரொக்கத்தையும் கொண்டுபோக விடவில்லை. உங்கள் தாத்தாவின் உழைப்பு ஏதோ ஒரு கணக்கில் அந்தப் பெட்டியில் முடங்கிக் கிடக்கிறது. வீட்டிலிருப்பவர்கள் காகிதம் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 கியாட் நோட்டை 1985 நவம்பரிலும் ஒரு தடவை செல்லாததாக்கினார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 போயின. உங்களிடம் இருப்பது தாத்தா வைத்துப்போன நோட்டா, பிறகு பெரியப்பா போட்டு வைத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோட்டை வெளியே எடுத்து மேசையில் விசிறி மாதிரி பரப்ப வேண்டாம், அது நாணயக் கண்காட்சி ஆகிவிடும். பதிவுக்காக ஒவ்வொரு நோட்டையும் நேராக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சரி. ஆனால் முக்கியமான படத்துக்கு அவை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். மூடியைத் திறந்து, துருவும் பூட்டும் தெரிகிற மாதிரி ஜன்னல் பக்கம் திருப்பி வையுங்கள். பெட்டியின் அடியில் பழைய பத்திரிகைத்தாள் விரித்திருந்தால் அதில் தேதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தத் தேதி படத்தில் தெளிவாக விழட்டும்.

எடுக்கும்போது பெரியப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் 100 கியாட்டுக்கு எவ்வளவு அரிசி கிடைத்தது, தாத்தா எந்தக் கடையில் வேலை பார்த்தார், பெட்டிச் சாவியை யாரிடம் கொடுத்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி, படத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். மெட்ராஸ் பக்கத்து உறவுக்காரர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அவர்களிடம் பெட்டியின் மீதிக் கதை இருக்கும்.