பைக்குக்காகக் காரை ஒடித்தேன், வழக்கு என் மேல் வந்துவிட்டது

கேள்வி: திண்டிவனம் அருகே நான்குவழிச் சாலையில் காரில் போனபோது, ஒரு பைக் ராங் சைடில் எனக்கு நேராக வந்தது. மோதாமல் இருக்க இடப்பக்கம் ஒடித்தேன். ஓரத்தில் நின்றிருந்தவர் மேல் கார் இடித்து அவருக்குக் கால் முறிந்துவிட்டது. பைக் நிற்காமல் போய்விட்டது. "கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டுங்கள், மீதியை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். கட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். எலும்பு முறிந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கவனமின்றி வண்டி ஓட்டுவது), 125(பி) (அதனால் கொடுங்காயம் ஏற்படுத்துவது) பிரிவுகளில் வழக்குப் பதிவாகியிருக்கும். ஒத்துக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு நகல் அடுத்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வரும். தவறு உங்களுடையது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுவார்கள். பைக்காரர் கணக்கிலேயே இல்லாமல் போய்விடுவார்.

கண்ணெதிரே திடீரென ஆபத்து வரும்போது நொடியில் எடுத்த முடிவை, ஆற அமர யோசித்து எடுத்த முடிவைப்போல் நீதிமன்றம் எடைபோடுவதில்லை. ஆனால் அந்த ஆபத்து உங்களால் வந்ததாக இருக்கக் கூடாது. அதிவேகமோ, கையில் போனோ இருந்திருந்தால் பழியில் உங்களுக்கும் பங்குண்டு. பைக் காரைத் தொடவே இல்லை என்பது பைக்காரரைக் காப்பாற்றாது. அதனால் அதன் நம்பர் கிடைப்பது மிக முக்கியம். பங்க், டோல்கேட் கேமராப் பதிவுகள் சீக்கிரம் அழிந்துவிடும். அவற்றை எடுத்து வைக்கச் சொல்லி இன்றே விசாரணை அதிகாரியிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அடிபட்டவருக்கு வழி இருக்கிறது. இருவர் தவறும் சேர்ந்த விபத்தில் முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கலாம் என்று 2015-இல் கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே பைக் கிடைக்காவிட்டாலும் உங்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுக்க வேண்டிவரும். உங்கள் மேல் தவறே இல்லை என்றாலும், மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் அவர் இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். பாவம், சும்மா நின்றவர் அவர். அவர் மேல் பழி போடும் எண்ணமே வேண்டாம்.

உங்கள் காருக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால், தவறு யாருடையதாக இருந்தாலும் ரிப்பேருக்கு கிளெய்ம் செய்யலாம். நோ கிளெய்ம் போனஸ் போய்விடும், அவ்வளவுதான். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் காருக்கு எதுவும் வராது. சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை ஒர்க்‌ஷாப்பில் கைவைக்க விடாதீர்கள். கிளெய்ம் படிவத்தில் போலீசிடம் சொன்னதையே எழுதுங்கள். சிலர் வேறு கதை எழுதச் சொல்வார்கள். இரண்டும் முரண்பட்டால் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

அப்புறம், எஃப்ஐஆரோடு சம்பவ இட வரைபடத்தின் நகலையும் வாங்கிப் பாருங்கள். பைக் வந்த திசை அதில் குறிக்கப்படவில்லை என்றால், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிடுங்கள்.