கிணற்று மேட்டில் குட்டிப் படிகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது வெளியே கொட்டிய கல்லில் வெங்கச்சாங்கல்லும் காக்காப்பொன்னும் நிறைய இருக்கின்றன. லூப் (உருப்பெருக்கிக் கைக்கண்ணாடி) வைத்துப் பார்க்கிற அளவுக்காவது படிகம் கிடைக்குமா? (வாசகர், காங்கேயம்)

கிடைக்கும். வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்), ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் (மைக்கா) மூன்றும் பெரிய பெரிய துண்டுகளாகப் பின்னிக் கிடந்தால் அது பெக்மடைட் பாறை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்துப் படியூரில் அக்குவாமரின் என்ற நீலநிறப் பெரில் கல்லை வெட்டியெடுத்தது இந்த வகைப் பாறையில்தான். நொய்யல் கரைக் கொடுமணலில் மணி செய்தவர்களின் பட்டறைகளிலும் பெரில் கல் கிடைத்திருக்கிறது.

பால்போல வெளுத்து, இடைவெளியே இல்லாமல் இறுகிய வெங்கச்சாங்கல்லை ஒதுக்கிவிடுங்கள். படிகம் தன் முகங்களோடு வளர இடம் வேண்டும். துரு படிந்த பொந்து, பிளவு, காக்காப்பொன் ஏடுகள் கூடும் ஓரம், இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பெரில் ஆறு பட்டைத் தூணாக இருக்கும். அதைவிட மென்மையான அபடைட் என்ற கனிமமும் அதே வடிவில் வந்து ஏமாற்றும். உடைந்த துணுக்கு ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் அழுத்தித் தேயுங்கள். பெரில் ஆழமாகக் கீறும், அபடைட் வழுக்கிப் போகும். முழுப் படிகத்தை வைத்து இந்தச் சோதனை செய்யாதீர்கள், முனை போய்விடும். நடுப்பருத்துப் பீப்பாய் மாதிரி ஆறு பட்டை இருந்தால் குருந்தக்கல்லா என்று பாருங்கள். கொரண்டம் என்று உலகம் சொல்லும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். சிவன்மலைப் பகுதியின் குருந்தம் கலந்த சயனைட் (syenite) பாறைகளை 1901-லேயே புவியியலாளர் டி. எச். ஹாலண்ட் விரிவாக எழுதியிருக்கிறார்.

கல்லைச் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். அதிர்வில் முதலில் கழன்று விழுவது நீங்கள் தேடும் படிகம்தான். துணி சுற்றி வைஸில் பிடித்து மெல்ல மெல்ல இறுக்கினால் கல் பலவீனமான கோட்டில் தானாகப் பிளக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கல்லை உடைக்காமலேயே ஒரு வழி உண்டு. நல்ல மழை பெய்த மறுநாள் தோட்டத்து வண்டித்தடத்தின் ஓரத்தில் கருமண் கோடு கோடாக ஒதுங்கியிருக்கும். மழைத் தண்ணீர் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறது. இரண்டு கைப்பிடி அள்ளி, டீ வடிகட்டியில் சலித்துப் பெரியதைத் தனியாக்குங்கள். இந்தச் சலிப்பை விட்டுவிட்டால் பெரிய லேசான மணலும் சிறிய கனமான மணலும் தண்ணீரில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், பிரிக்க முடியாது. பிறகு அரிக்கஞ்சட்டியில் அரிசி அரிப்பது போலவே அரியுங்கள். அரிசியை அரிக்கும்போது அடியில் தங்கும் கல்லைக் கொட்டிவிடுவோம். இங்கே அந்த அடிமண்தான் வேண்டியது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கார்னெட்டும் குருந்தமும் ஏறக்குறைய 4, சிர்க்கான் 4.6-க்கு மேல். சட்டியின் உள்வரிகளில் கனமானது மாட்டிக்கொள்ளும். அடிமண் காய்ந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு மேலே ஓட்டினால் மேக்னடைட் என்ற இரும்புத் தாது ஒட்டிவரும். பையைத் திருப்பி உதறினால் காந்தமும் சுத்தமாக இருக்கும். மிச்சத்தைக் கறுப்புத் தாளில் பரப்பி 20 மடங்கில் பாருங்கள். இரு முனையும் கூர்மையாக, தேன் நிறத்திலோ நிறமற்றோ பளிச்சென்று நிற்கும் நாற்பட்டைக் குச்சிகள் பெரும்பாலும் சிர்க்கான்.

குவார்ட்ஸ் படிகத்தில் இருந்த துருவைப் போக்க ஆக்ஸாலிக் ஆசிடில் ஊறவைத்தேன். துரு போனது, ஆனால் மேலெல்லாம் வெள்ளைப் பொடி படிந்து படிகமே மங்கிவிட்டது. ஏன்? (வாசகி, அவிநாசி)

போர் தண்ணீரில் கரைத்திருப்பீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதிலுள்ள கால்சியம் ஆக்ஸாலிக் ஆசிடோடு சேர்ந்து கால்சியம் ஆக்ஸலேட்டாக, தண்ணீரில் கரையாத வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும். பல் தேய்க்கும் மென்மையான பிரஷ்ஷால் ஓரளவு எடுக்கலாம். பொந்துக்குள் போனது அவ்வளவு எளிதில் வராது.

அடுத்த முறை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டருக்கு 50 கிராம் ஆசிட் போதும். முதல் நாள் முழுக்க வெறும் டிஸ்டில்டு வாட்டரில் கல்லை ஊறவைத்து, கல்லில் ஏற்கெனவே ஊறியிருக்கும் உப்பை வெளியேற்றிய பிறகே ஆசிடில் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பா, மூடி, நிழல். இரண்டு மூன்று நாளில் கரைசல் மஞ்சள் பச்சையாக மாறினால் துரு கரைகிறது என்று அர்த்தம். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் ஆவி மூச்சில் ஏறும், மஞ்சள் இரும்பு ஆக்ஸலேட்டும் படியும். எடுத்த பிறகு டிஸ்டில்டு வாட்டரை மூன்று நான்கு முறை மாற்றி அலசுங்கள். இது விஷம்: கையுறை போடுங்கள், சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். மிஞ்சிய கரைசலில் நீற்றிய சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட்டால் ஆசிட் வெள்ளை வண்டலாக இறங்கிவிடும்.

மதுக்கரை, சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) எதையும் இந்த ஆசிடில் போடவே கூடாது.

சுண்ணாம்புக்கல்லுக்குள் புதைந்திருக்கும் படிகத்தை எப்படி வெளியே எடுப்பது? (வாசகர், சங்ககிரி)

சமையல் வினிகர் போதும். பளிங்குச் சுண்ணாம்புக்கல் கரைந்து, கிராஃபைட் ஏடு, டயாப்சைடு, ஃப்ளோகோபைட் என்ற காக்காப்பொன் வகை போன்ற கனிமங்கள் இருந்தால் அடியில் நிற்கும். 10 கிராம் கல்லைக் கரைக்கக் கணக்குப்படி கால் லிட்டர் வினிகர், நடைமுறையில் அரை லிட்டராவது ஆகும். தினம் மாற்றுங்கள், ஒரு வாரமும் ஆகலாம். அந்த 10 கிராமிலிருந்து இரண்டு லிட்டருக்கு மேல் வாயு வரும் என்பதால் மூடியை இறுக்கவே கூடாது, பாட்டில் வெடிக்கும். பாத்ரூம் ஆசிட் வேகமாகக் கரைக்கும்தான். ஆனால் அபடைட், ஆலிவின் போன்ற கனிமங்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கூடலூர்ப் பக்கத்துப் பழைய தங்கச் சுரங்கக் குகைகளுக்குள் போய்த் தேடலாமா? (வாசகர், மேட்டுப்பாளையம்)

வேண்டாம். தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் தோண்டியவை 1880-களைச் சேர்ந்தவை. முட்டுக் கொடுத்த மரம் மக்கிக் கிடக்கும். மக்கும் மரமும் துருப்பிடிக்கும் சல்ஃபைடு கல்லும் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். மெழுகுவத்தி எரிகிறதே என்று நம்பி நடக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு இருப்பதை அது காட்டாது. வெளியே கொட்டிய கழிவுக் கல் மேடு போதும், அதற்கும் நிலத்துக்காரரிடமோ வனத்துறையிடமோ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் பாறைக்குழிகளுக்கும் இதே பேச்சுதான்: குத்தகைக்காரர் சம்மதித்த நாளில், வெடி வைக்காத நேரத்தில், மேல்விளிம்பிலிருந்து தள்ளி நின்று.

ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி வயலில் நெருப்புப் பிடித்த இடத்திலிருந்து வெள்ளையும் மஞ்சளுமாகப் படிந்த பொருக்கு ஒன்று கிடைத்தது. ஆடி மாதம் டப்பாவைத் திறந்தால் ஈரக் களியாக இருக்கிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

அந்த வெள்ளை பெரும்பாலும் அம்மோனியம் குளோரைடு, அதாவது பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பொட்டலத்தில் வைத்திருக்கும் அதே நவச்சாரம். மஞ்சள் கந்தகமாக இருக்கலாம். கரி எரியும்போது வரும் அம்மோனியாவும், குளோரின், ஃபுளூரின் கலந்த வாயுக்களும் பிளவு வழியே ஏறி, மேலே குளிர்ந்த கல்லில் பட்டதும் திரவமாகாமலே திடமாகப் படிகின்றன. பனை ஓலை போலக் கிளைத்து நிற்கும் நவச்சாரப் படிகத்தை 10 மடங்கில் பார்க்கத் தனி அழகு.

ஆனால் காற்றின் ஈரப்பதம் 77 சதவீதத்தைத் தாண்டினால் நவச்சாரம் காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கோவையில் அது சாதாரணம். கரைந்த படிகத்தை மீட்க முடியாது, உலர்த்தினால் உருவமில்லாத உப்புதான் மிஞ்சும். மிச்சமிருப்பதைக் காப்பாற்ற, ரப்பர் வளையம் உள்ள 30 மில்லி கண்ணாடிக் குப்பியில் 5 கிராம் சிலிகா ஜெல்லைப் பஞ்சால் பிரித்து வையுங்கள். ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வைத்து, ஆறவிட்டு, மறுபடி போடலாம்.

எரியும் மேட்டில் எடுப்பவர்களே சூடான கல்லை உடனே குப்பியில் அடைத்துக் கெடுப்பதுண்டு, உள்ளே வியர்த்துவிடும். நீங்களாக அங்கே போய் எடுக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மேலே உறுதியான தரைபோலத் தெரிவது அடியில் வெந்து வெற்றாகிப்போன வெறும் ஓடு. சிவப்புப் பொருக்கில் ஆர்சனிக் இருக்கலாம். கையில் தொட்டால் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

பராரைட் என்ற அம்மோனியம் ஃபுளூவோசிலிகேட் கனிமத்துக்குப் பெயர் வந்ததே ஜாரியாவின் பராரி சுரங்கத்தால்தான். அதனால் உங்கள் பொருக்கை அலட்சியமாக எறிந்துவிடாதீர்கள். மனிதன் மூட்டிய நெருப்பில் விளைந்ததை இன்று சர்வதேசக் கனிமவியல் சங்கம் புதிய கனிமமாக ஏற்பதில்லை. சேகரிப்புக்கு அது தடையில்லை, டப்பாவோடு வைக்கும் சீட்டில் ‘எரியும் கரியிலிருந்து’ என்று எழுதிவிட வேண்டும்.

எந்த மைக்ரோஸ்கோப் வாங்கலாம்? படிகத்தை எப்படி ஒட்டுவது? (வாசகி, நாமக்கல்)

பள்ளி ஆய்வகத்து மைக்ரோஸ்கோப் உதவாது. அது அடியிலிருந்து வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய பொருளுக்கானது. மொபைல் ரிப்பேர் கடையில் இருக்கும் 7 முதல் 45 மடங்கு ஸ்டீரியோ வகைதான் சரி. பெரும்பாலும் 10-க்கும் 30-க்கும் நடுவில்தான் பார்ப்பீர்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள், அப்போதுதான் முகங்கள் தனித்தனியாக மின்னும்.

ஒட்ட, ஒரு அங்குல டப்பாவின் உள்ளே கறுப்புத் தாள், நடுவில் கறுப்பு பூசிய தீக்குச்சித் துண்டு, அதன் தலையில் ஒரு பொட்டு ஃபெவிகால். ஒரு நாள் மூடாமல் காயவிடுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம். மூடிய டப்பாவில் அதன் ஆவி படிகத்தின் மேலேயே வெள்ளைப் பனியாகப் படிந்துவிடும்.

சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பால்பாயின்ட் மங்கும். கனிமத்தின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். ஆனால் ஊர், தோட்டம், கிணறா குழியா, எத்தனை அடி ஆழத்துக் கல், தேதி, இவற்றை எடுத்த அன்றே எழுதுங்கள். அந்தக் கிணற்று மேட்டை அடுத்த வருடமே பொக்லைன் வைத்துச் சமன் செய்துவிடுவார்கள், திரும்பப் போய்ச் சரிபார்க்க இடமே இருக்காது.