சிசேரியனுக்குப் பிறகும் நீடிக்கும் இடுப்பு வலி: முதுகில் போட்ட ஊசிதான் காரணமா?

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. சிசேரியன் முடிந்து எட்டு மாதமாகியும் இடுப்பு வலி ஏன் போகவில்லை, முதுகில் போட்ட மயக்க ஊசிதான் காரணம் என்று வீட்டில் சொல்வது உண்மையா, அடுத்த பிரசவத்தில் அந்த ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா. நான் மருத்துவர் அல்ல. வங்கியில் வேலை பார்ப்பவள், இரண்டு முறை சிசேரியன் செய்துகொண்டவள். முதல் பிரசவத்துக்குப் பிறகு ஓராண்டுக்கும் மேலாக இதே வலியோடு நடமாடியவள் என்ற தகுதியில் மட்டும் எழுதுகிறேன்.

முதல் குழந்தை 2018இல் பிறந்தது. முதல் மூன்று மாதங்கள் திருநெல்வேலியில் அம்மா வீட்டில் இருந்தேன். பச்சை உடம்பு என்று சொல்லி ஆச்சி என்னை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விட்டதில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது, தூளியில் போட்டு ஆட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த மூன்று மாதங்களில் தையல் இழுத்துப் பிடித்ததே தவிர, இடுப்பு வலி என்று பெரிதாக எதுவும் இல்லை. நாலாவது மாதம் கணவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அது தொடங்கியது. மயக்க ஊசியால் வந்த வலியாக இருந்தால் அது ஏன் மூன்று மாதம் காத்திருந்தது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் ஆபரேஷன் செய்துகொண்ட அத்தனை பெண்களும் அந்த ஊசியைத்தான் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன். இப்போது யோசித்தால், அது எல்லோருக்கும் வசதியான காரணம் என்று தோன்றுகிறது. ஊசி போட்டு முடிந்த கதை, இனி யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன அன்று, வரிசையில் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். அதைக் கவனித்த செவிலியர், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். சொன்னேன். "சீட்டு குழந்தை பேருக்குத்தானே இருக்கு, உங்க பேருக்கு ஒண்ணு போட்டுட்டு வாங்க" என்றார். குழந்தைக்காக அதுவரை எத்தனையோ முறை மருத்துவமனைக்குப் போயிருக்கிறேன். என் பெயருக்கு ஒரு சீட்டுப் போட்டதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில்கூடப் பிரசவத்துக்குப் பின் குறைந்தது நான்கு முறை தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அவற்றில் கடைசி, ஆறாவது வாரம். அதற்குப் பிறகு அட்டையும் சீட்டும் குழந்தைக்குத்தான். ஆகவே ஆறு வாரத்துக்குப் பின் நீடிக்கும் வலியை நாமாகப் போய்ச் சொன்னால்தான் உண்டு.

மகப்பேறு மருத்துவர் பரிசோதித்துவிட்டு இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பினார். அந்த அம்மா முதலில் கேட்டது, ஊசி போட்ட இடம் எது என்பதுதான். நான் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தேன். எந்த அடையாளமும் தட்டுப்படவில்லை. இரண்டு பக்க இடுப்பு எலும்புகளின் மேல்விளிம்புகளை இணைக்கும் கோட்டை ஒட்டித்தான் பெரும்பாலும் போடுவார்கள் என்று சொல்லி, நடு முதுகெலும்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டார். பிறகு, வலிக்கிற இடத்தை ஒரே ஒரு விரலால் காட்டச் சொன்னார். என் விரல் நேராக வலப்பக்கம், இடுப்பில் குழி விழும் இடத்துக்குப் போனது. அவர் விரலுக்கும் என் விரலுக்கும் இடையில் நான்கு விரற்கடை இருந்தது. முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பு எலும்பும் சேரும் மூட்டு அது என்றும், கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் அங்குள்ள தசைநார்களைத் தளர்த்தியிருக்கும் என்றும், தளர்ந்த மூட்டின் மேல் பாரம் ஒரு பக்கமாக விழுந்துகொண்டே இருந்தால் அது ஆற வழியில்லை என்றும் சொன்னார்.

சிசேரியனுக்குப் போடும் ஊசியின் பருமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். போட்ட இடத்தில் சில நாட்கள் வலி இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலி, முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. என் நாத்தனாருக்கு இரண்டும் சுகப்பிரசவம், ஊசியே போடவில்லை, அவருக்கும் இதே இடத்தில் இதே வலி. அவர் சரியாகப் பத்தியம் இருக்கவில்லை என்று அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள்! ஊசியால் உண்மையிலேயே வரக்கூடிய தொந்தரவு ஒன்று உண்டு. போட்ட சில நாட்களுக்குள், எழுந்து உட்கார்ந்தால் தலை பிளப்பதுபோல் வலித்து, படுத்தால் குறையும். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உடனே மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்ததாக இயன்முறை மருத்துவர் என் வயிற்றைப் பார்த்தார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் சற்றே தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து அழுத்தினார். இரண்டரை விரல் அகலத்துக்கு உள்ளே இறங்கியது. கர்ப்பத்தில் வயிறு விரியும்போது நடுவில் விலகும் இரண்டு தசைப் பட்டைகள் எனக்கு இன்னும் கூடி வரவில்லை. முன்பக்கம் தாங்க வேண்டிய பாரத்தையும் சேர்த்து முதுகு சுமந்துகொண்டிருந்தது. துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தேனே என்றேன். கட்டு, நடக்கும்போது ஒரு பிடிமானம் தரும், ஆனால் தசைக்குப் பதிலாக வேலை செய்யாது என்றார்.

பிறகுதான் என் ஒரு நாளை விசாரித்தார். குழந்தையைக் குளிப்பாட்டுவதைச் செய்து காட்டச் சொன்னபோது எனக்கே விஷயம் புரிந்துவிட்டது. நம் வழக்கப்படி மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கணுக்காலுக்கு மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, பக்கத்து அண்டாவிலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் குனிந்து வலப்பக்கமாகத் திரும்புவேன். கால் மணி நேரம் இப்படிப் போகும். முடிந்ததும் ஈரமாக வழுக்கும் பிள்ளையை ஒரு கையில் அணைத்து, மறு கையைத் தரையில் ஊன்றி எழுவேன். ஆச்சியின் காலம் வேறு. அவர்கள் நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து எழுந்தவர்கள், அவர்கள் வயிற்றில் ஆபரேஷன் தையலும் இல்லை. நானோ நாற்காலியில் வேலை பார்ப்பவள். இது போதாதென்று, சம்மணமிட்டுக் கழுத்தைத் தொங்கப்போட்டு ஒரு நாளில் எட்டு முறை பால் கொடுப்பதும், தூளியிலிருந்து பிள்ளையை ஒருபக்கமாகத் திரும்பி அள்ளுவதும் சேர்ந்துகொண்டன.

மாற்றியவை எல்லாம் சாதாரண விஷயங்கள். பின்கட்டில் இடுப்புயரத்துக்குத் துவைக்கும் கல் ஒன்று இருந்தது. அதன் மேல் அகலமான பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, ஒரு கையைக் குழந்தையிடமிருந்து எடுக்காமல், நின்றபடியே குளிப்பாட்டத் தொடங்கினேன். மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை; காலில் போட்டு ஊற்றினால்தான் பிள்ளைக்கு உடம்பு பிடிக்கும் என்பது அவர் எண்ணம். ஒரு வாரம் கழித்து எண்ணெய் தேய்க்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார், தண்ணீர் ஊற்றுவது என்னிடம் வந்தது. பால் கொடுக்கும்போது முதுகைச் சுவரில் சாய்த்து, மடியில் இரண்டு தலையணை வைத்து, பிள்ளையை மார்புக்கு உயர்த்திக்கொண்டேன். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழப் பழகினேன்.

உடற்பயிற்சியில் இரண்டுதான் முக்கியம். மூச்சை வெளியே விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுப்பது ஒன்று. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசையைச் சுருக்கிச் சில விநாடிகள் பிடித்து, முழுவதுமாகத் தளர்த்துவது மற்றொன்று. ஒரு வேளைக்கு எட்டுப் பத்து முறை வீதம் நாளைக்கு மூன்று வேளை. இதைச் சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகக் கூடாது. பலன் தெரிய மூன்று மாதமாகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஒன்றரை மாதம்வரை ஒன்றும் தெரியவில்லை. நடுவில் இரண்டு முறை விட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். மூன்றாம் மாத முடிவில் ஒரு நாள், வங்கியில் மதியம்வரை உட்கார்ந்துவிட்டு மேசையைப் பிடிக்காமல் எழுந்ததை எதிர் இருக்கையில் இருந்தவர்தான் முதலில் கவனித்துச் சொன்னார். உங்களுக்கு எந்தப் பயிற்சி ஏற்றது என்பதைத் தொட்டுப் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். யூடியூபில் பார்த்துத் தலையைத் தூக்கித் தூக்கி வயிற்றுப் பயிற்சி செய்வது, தசை விலகியிருப்பவர்களுக்குத் தொந்தரவைக் கூட்டலாம்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி ஒரு தப்பு செய்தேன். பிரசவத்துக்குப் பின் 180 நாட்களுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையும் கால்சியமும் எடுக்க வேண்டும் என்பது நம் நாட்டு அரசுத் திட்டம். மலச்சிக்கல் வருகிறது என்று நாற்பதாம் நாளோடு நிறுத்திவிட்டேன். உண்மையில் மலச்சிக்கலுக்கு, பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் கீரையையும் பழத்தையும் குறைத்திருந்ததும் காரணம். இரத்தம் குறைந்திருந்ததால் சோர்வும் இருந்தது. சோர்ந்த உடம்புக்கு வலி இரட்டிப்பாகத் தெரியும். ஆச்சி ஊற்றிய வெந்நீரையும் பூண்டுக் குழம்பையும் நான் குறை சொல்ல மாட்டேன். இடுப்பில் சூடாக ஊற்றும் அந்தப் பத்து நிமிடம்தான் நாளிலேயே நல்ல நேரமாக இருந்தது.

வலி மாத்திரை போட்டால் பாலில் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாராசிட்டமாலும், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா போன்றவை இல்லாதவர்களுக்கு ஐபுபுரூஃபெனும் பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியவைதான் என்று மருத்துவர் சொன்னார். கோடீன் கலந்தவற்றைத்தான் தவிர்க்கச் சொன்னார். நீங்களும் கேட்டுவிட்டே போடுங்கள். ஆனால் காய்ச்சலுடன் வலி, தையலில் சீழ் அல்லது சிவந்த வீக்கம், துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதையில் வீக்கமும் வலியும், காலில் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் மாத்திரையோடு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வியின் நடுவில், எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன், தனியாக அழுகிறேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதையும் மருத்துவரிடம் வலியைச் சொல்லும்போதே சொல்லுங்கள். நீடித்த வலியும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் ஒன்றை ஒன்று வளர்ப்பவை. வெளியே போக முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். என் இரண்டாவது குழந்தை 2022இல் பிறந்தது. அப்போதும் முதுகில்தான் ஊசி போட்டுக்கொண்டேன். அது வேண்டாமென்றால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். நிறை கர்ப்பிணிக்கு அதில் மூச்சுக்குழாய் பொருத்துவதிலும் வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போவதிலும் ஆபத்து கூடுதல் என்பதால் அவசரத்துக்கும் வேறு வழியில்லாதபோதும்தான் அதைத் தேர்வு செய்வார்கள் என்று மயக்க மருத்துவர் விளக்கினார். உங்கள் பயத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிப் பேசுங்கள். இந்த முறை இடுப்பு வலி வந்தது, ஆனால் இரண்டு மாதத்தில் அடங்கியது. பிரசவத்துக்குப் போகும் முன்பே துவைக்கும் கல்லைத் தேய்த்துக் கழுவி, தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது என் கணவர் அதில் குளிப்பாட்டப் பழகியிருந்தார், மூத்தவளின் பொம்மையை வைத்து.