பெடல் ரப்பர் உள்ளே போகவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து வருட வண்டி. சாவியை எடுத்த பிறகும் பிரேக் லைட் எரிகிறது. ஸ்விட்ச்சை மாற்றியும் சரியாகவில்லை. மிதியடியில் சின்னச் சின்னதாக நொறுங்கிய துண்டுகள் கிடக்கின்றன. (திருப்பூர்)

பதில்: அந்தத் துண்டுகள்தான் உங்கள் பதில். பிரேக் பெடலின் கைப்பகுதியில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் காளான் வடிவில் ஒரு ஸ்டாப்பர் ரப்பர் உட்கார்ந்திருக்கும். பெடல் மேலே வரும்போது ஸ்விட்ச்சின் முனையை அழுத்தி லைட்டை அணைப்பது அதுதான். பத்துப் பதினைந்து வருடத்தில் அது நொறுங்கிவிடும். ஸ்விட்ச் முனை ஓட்டைக்குள் புகுந்துகொள்ளும், லைட் அணையாது. பல கம்பெனி வண்டிகளில் வருகிற கோளாறு இது. மலிவான பொருள்தான், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரியோடு பேட்டரி இறங்கிவிடும். பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது பிரேக் போடுகிறீர்கள் என்றே தெரியாது. ஆட்டோமேட்டிக் வண்டியானால், பிரேக்கை மிதிக்காமலே கியர் பார்க்கிங்கிலிருந்து நகரக்கூடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது விளையாட்டல்ல.

கேள்வி: அதே ஸ்டாப்பர் ரப்பரை நானே மாட்டப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரால் குத்தித் தள்ளியதில் இரண்டு கிழிந்துவிட்டன. (மதுரை)

பதில்: ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். ரப்பர் கிழிவதற்கு அதன் கூர்முனை ஒரு காரணம், ஓட்டையின் ஓரம் இன்னொரு காரணம். விரல் நுனியால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், பிசிறு தட்டுப்பட்டால் சின்ன உருண்டை அரத்தாலோ எமரி பேப்பராலோ மழுக்குங்கள். அப்புறம் ஸ்விட்ச்சைக் கழற்றிவிடுங்கள். இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. கை நுழைய இடமில்லாமல் திணறுவதே அதனால்தான். ரப்பரை, கை தாங்காத அளவு சூடான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் நன்றாக இளகும். சோப்புத் தண்ணீரில் நனைத்து, சட்டைப் பித்தான் போடுவது போல ஒரு ஓரத்தை முதலில் நுழைத்து, மறுபக்கம் நீளும் முனையை நோஸ் பிளையரால் பிடித்துச் சுழற்றியபடி இழுங்கள். தலைப்பகுதி ஸ்விட்ச் பக்கம் இருக்க வேண்டும். ஸ்விட்ச்சைத் திரும்ப மாட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பின்னால் ஒருவரை நிறுத்தி லைட் எரிகிறதா, அணைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மெக்கானிக் ஸ்டாப்பர் ரப்பரில் கிரீஸ் தடவித் தள்ளினார், சுலபமாகப் போய்விட்டது. ஆறு மாதத்தில் ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, தானே வெளியே வந்துவிட்டது. டூப்ளிகேட் சாமானா? (கோவை)

பதில்: சாமானைக் குறை சொல்லாதீர்கள். கெடுத்தது கிரீஸ். எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பழக்கம் போகவில்லை. வழுக்க வேண்டுமென்றால் கைக்கு எட்டியதை எல்லாம் தடவுகிறார்கள்: கிரீஸ், என்ஜின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய், வாசலின். எல்லாமே பெட்ரோலிய வகை. இயற்கை ரப்பரும் ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பரும் இவற்றை உறிஞ்சி ஊதும், பிறகு வலுவிழக்கும். நைட்ரைல் போன்ற சில செயற்கை ரப்பர்கள்தான் தாங்கும். கையிலிருக்கும் கறுப்பு ரப்பர் எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் எதற்கும் தடவாமல் இருப்பதே சரி.

தேங்காய் எண்ணெய் இயற்கைப் பொருள்தானே என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் இயற்கை ரப்பரைக் கெடுக்கும். விளக்கெண்ணெய் மட்டும் விதிவிலக்கு. அந்தக் காலத்து பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். பிரேக் ரப்பர்களுக்கென்று விற்கும் சிவப்பு கிரீஸும் விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. ஆனாலும் கிரோமெட் (இப்படித் தகட்டு ஓட்டையில் மாட்டும் ரப்பர்) மாட்ட அதையும் சொல்லமாட்டேன். கிரோமெட் உள்ளே போகும்போது வழுக்க வேண்டும், போன பிறகு பிடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும், ரப்பர் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் காயாது. நாளுக்கு நூறு தடவை மிதிபடும் பெடலில் அது மெல்ல நழுவத்தான் செய்யும்.

இந்த அலட்சியம் பெடலோடு நின்றால் பரவாயில்லை. இதே கைதான் பிரேக் ஆயில் டப்பாவில் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றுகிறது. கொஞ்சம் கலந்தாலே மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரம் வரை உள்ள ரப்பர் சீல்கள் ஊத ஆரம்பிக்கும். பிரேக் பிடித்தபடியே நின்றுவிடலாம், இல்லை பிடிக்காமலே போகலாம். அதன் பிறகு ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது, எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு யார் என்ன ஊற்றுகிறார்கள், எதைத் தடவுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: என் காருக்கு என்ன சைஸ் கிரோமெட்? (ஊர் எழுதவில்லை)

பதில்: காரின் பெயரும் எழுதவில்லை. எந்தப் பெடல் என்றும் இல்லை. நான் என்ன சொல்ல? ஓட்டையின் விட்டம், தகட்டின் கனம், உள்ளே போகும் கம்பி அல்லது ஒயரின் விட்டம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். தகட்டின் கனத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிரோமெட்டின் பள்ளம் அதைவிடக் குறுகலாக இருந்தால் என்ன செய்தாலும் உட்காராது.

கேள்வி: பழைய அம்பாசிடர். கேபிள் போகும் ஓட்டையில் பெரிய கிரோமெட். ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியே வருகிறது. மழையில் கால் நனைகிறது. (காரைக்குடி)

பதில்: மெல்லிய நைலான் கயிற்றைக் கிரோமெட்டின் பள்ளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் வண்டிக்குள் விடுங்கள். ஒருவர் வெளியிலிருந்து அழுத்தட்டும். உள்ளே இருப்பவர் கயிற்றை ஓட்டையின் நடுப்பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தால், கிரோமெட்டின் உதடு (ஓரத்து விளிம்பு) வரிசையாகத் தகட்டைத் தாண்டி உள்ளே மடங்கும். சோப்புத் தண்ணீர் மட்டும். கிரீஸ் கூடாது.

கேள்வி: பெடல் ரப்பர் உறை கழன்று கழன்று வருகிறது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா? (தஞ்சாவூர்)

பதில்: கூடாது. பசை விறைத்து விரிசல் விடும், ஒருநாள் அவசரமாக மிதிக்கும்போது காலோடு கழன்று வரும். உறையின் உதடு தளர்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள்.

கேள்வி: கிளட்ச் பெடல் புஷ் (பெடல் சுழலும் இடத்தில் உள்ள வளையம்) மாற்றிய பிறகு பெடல் பாதியிலேயே நிற்கிறது. ஓட்டப் பழகிக்கொண்டேன். பரவாயில்லையா? (சேலம்)

பதில்: பழகிக்கொள்ளாதீர்கள். பெடல் முழுவதும் மேலே வராவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, பிளேட் வழுக்கித் தேயும். புஷ் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் ஸ்ப்ரிங் கொக்கி மாறி மாட்டியிருக்கும். கழற்றி, பெடல் சுழலும் கம்பியைத் துடைத்து, பெட்ரோலிய வகையல்லாத சிலிக்கோன் கிரீஸ் துளி வைத்து நேராக மாட்டச் சொல்லுங்கள்.