பின்னால் பார்!

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022-இல் வந்த 'ஸ்க்ரீம்' ஐந்தாம் பாகத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த திகில் படம் 'தி பாபடூக்'. 'ஸ்க்ரீம்' படத்தில் அதன் பெயரைச் சொல்லும் பெண்ணை முதல் காட்சியிலேயே கத்தியால் குத்துகிறார்கள். அப்படிப்பட்ட படங்களை ரசிப்பவர்களைக் கேலி செய்யத்தானே இது? திகில் படங்களின் விதிகளைப் பாத்திரங்களே பேசித் தீர்த்துவிட்டால் பயம் எங்கிருந்து வரும்?

ம., பெரம்பூர்

அன்புள்ள ம.,

அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். 'தி பாபடூக்' பற்றித் தாய்மை, துக்கம் என்று அந்தப் பெண் தாரா சொல்வதில் ஒரு சொல்கூட அபத்தமில்லை. தொலைபேசியில் பேசுபவனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. கதைக்குள் வரும் 'ஸ்டாப்' என்ற கொலைப்படத் தொடரிலிருந்து கேள்வி கேட்டு அவளைச் சோதிக்கிறான். 1996-இல் வந்த முதல் 'ஸ்க்ரீம்' படத்தில் இதே போன்ற அழைப்பை எடுத்த பெண் செத்துப்போனாள். தாரா பிழைத்துக்கொள்கிறாள்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கொலைகாரர்கள் 'ஸ்டாப்' தொடரின் வெறிபிடித்த ரசிகர்கள். எட்டாவது படம் தொடரையே கெடுத்துவிட்டது என்ற ஆத்திரம் அவர்களுக்கு. அடுத்த படத்துக்கு நல்ல கதை கிடைக்க நிஜமாகவே கொலை செய்கிறார்கள். படத்தின் கோபமெல்லாம் அந்த ரசிகன் மீதுதான். முதல் நாள் முதல் காட்சிக்குக் கூட்டம் முண்டியடிக்கும் சென்னையில் இருக்கும் நமக்கு அந்த முகம் புதிதா என்ன?

பயத்துக்கு வருகிறேன். வெஸ் என்ற இளைஞன் வீட்டில் தனியாகச் சாப்பாட்டு மேசையைத் தயார் செய்கிறான். வாசலில், பட்டப்பகலில், அவன் அம்மாவைக் கொன்றுவிட்டார்கள். அவனுக்கு அது தெரியாது. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிறான். அது திரையில் ஒரு பக்கத்தை மறைக்கிறது. இசை ஏறுகிறது. மூடுகிறான், யாருமில்லை. இன்னொரு கதவு, மறுபடியும் யாருமில்லை. கதவை மூடினால் பின்னால் ஆள் நிற்பான் என்ற விதி நமக்குத் தெரிந்திருப்பதால்தான் ஒவ்வொரு கதவுக்கும் மூச்சு நிற்கிறது. விதி தெரியாத குழந்தை அந்த இடத்தில் பயப்படாது. மந்தைவெளி வீட்டில் இரவு தனியாக அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. முதல் நான்கு 'ஸ்க்ரீம்' படங்களையும் இயக்கிய வெஸ் கிரேவன் 2015-இல் மறைந்தார். படத்தையே அவருக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். அந்தப் பையனுக்கும் அவர் பெயர்.

உங்கள் குறையில் ஒன்று நியாயமானது. பழைய நாயகர்களையும் புதியவர்களையும் சேர்த்துத் தொடரை மறுபடி தொடங்கும் இன்றைய வழக்கத்தைப் பற்றி தாராவின் தோழி மிண்டி நிகழ்த்தும் உரை நீளம். பாதியாக வெட்டியிருக்கலாம்.

ஆனால் அதே மிண்டிக்கு ஒரு காட்சி இருக்கிறது. முதல் படத்தில் அவளுடைய தாய்மாமன் ராண்டி சோஃபாவில் படுத்தபடி, டிவியில் ஓடும் திகில் படத்து நாயகியைப் பார்த்து "பின்னால் பார்!" என்று கத்துவான், கொலைகாரன் அவன் பின்னாலேயே நிற்பான். சிறுவயதில் புரசைவாக்கத்துத் தியேட்டர் பெஞ்சில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் கத்தினேன், முன்வரிசை முழுவதும் கத்தியது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மிண்டி, அந்தச் சம்பவங்களை வைத்துக் கதைக்குள் எடுக்கப்பட்ட 'ஸ்டாப்' படத்தில் அதே காட்சியை டிவியில் பார்க்கிறாள். திரையில் மாமன் கத்துகிறான். இவளும் திரையைப் பார்த்துக் கத்துகிறாள்.

முகமூடி அணிந்தவன் அவள் சோஃபாவுக்குப் பின்னால் வந்துவிட்டான்.