செருப்பைக் கடித்த மணி ஏன் தலையைக் குனிகிறான்?

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் மணி என்று நாலு வயது நாட்டு நாய், மீனு என்று ஆறு வயதுப் பூனை. கணவனும் மனைவியும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புகிறார்கள். பகலில் வீட்டில் இருந்த மாமியார் இரண்டு மாதமாக ஊரில், மகள் வீட்டில். அவர் போனதிலிருந்து மணி, கதவோரம் இருக்கும் செருப்புகளைக் கடித்துக் குதறுகிறான். மாலையில் கதவைத் திறந்தால் காதை மடக்கி, தலையைக் குனிந்து, ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்பது போல ஓரக்கண்ணால் பார்க்கிறான். மீனு வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். விடிகாலை நாலரைக்கு நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து எழுப்புகிறாள். “நாள் முழுக்க இதுங்க என்னதான் நினைச்சுக்கிட்டு இருக்கும் டாக்டர்? விட்டுட்டுப் போற கோபத்துல மணி பழி வாங்குறானா? துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா?” என்பது அவர் கேள்வி.

பழி வாங்கவில்லை. அந்தச் சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள். ‘இவர்கள் என்னை விட்டுவிட்டுப் போனார்கள், சாயங்காலம் வந்து பார்த்து வருத்தப்படட்டும்’ என்று யோசிக்க, ஒன்பது மணி நேரம் கழித்து உங்கள் மனம் எப்படி இருக்கும் என்று அவன் கணக்குப் போட வேண்டும். நாய்களுக்கு அப்படி ஒரு திட்டம் ஓடுகிறது என்பதற்கு இதுவரை சான்று இல்லை.

அப்படியானால் அந்த முகம்? நாய் வளர்க்கும் எல்லோருமே, ‘இல்லை டாக்டர், அவனுக்குத் தெரியும்’ என்று அடித்துச் சொல்லும் இடம் இதுதான். 2009-இல் நியூயார்க் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதையே சோதித்துப் பார்த்தார். நாயின் முன்னால் ஒரு தின்பண்டத்தை வைத்து, ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு, வளர்ப்பவர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் சில நாய்களுக்கு ஆராய்ச்சியாளரே அதை ஊட்டிவிடுவார். சில நாய்களிடமிருந்து எடுத்து மறைத்துவிடுவார். திரும்பி வருபவரிடம் சில முறை நடந்ததைச் சொல்வார்கள், சில முறை மாற்றிச் சொல்வார்கள். தின்றுவிட்டது என்று கேள்விப்பட்டவர்கள் நாயைத் திட்டினார்கள். திட்டு வாங்கிய நாய்கள், தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும், அந்தக் குற்ற முகத்தைக் காட்டின. ஒரு பாவமும் செய்யாமல் திட்டு வாங்கியவைதான் அதை இன்னும் கூடுதலாகக் காட்டின.

அதாவது மணி தன் மனசாட்சியைப் பார்த்துத் தலை குனியவில்லை, உங்களைப் பார்த்துக் குனிகிறான். காதைப் பின்னால் ஒட்டுவது, வாலைக் காலிடுக்கில் சொருகுவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொள்வது எல்லாமே ‘சண்டை வேண்டாம்’ என்பதற்கு நாய்கள் தங்களுக்குள் காட்டும் சைகைகள். நீங்கள் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவன் அப்படி நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கதவைத் திறந்ததும் உங்கள் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். நேராக ஷூ ரேக்குக்குத்தான் போகும். தோள் இறுகும், மூச்சு மாறும். பத்து நாள் திட்டு வாங்கிய நாய்க்கு அவ்வளவு போதும். கீழே கிழிந்த செருப்பு, கதவில் நீங்கள் என்ற இரண்டும் சேர்ந்தாலே ஆபத்து என்று அவன் கற்றுவைத்திருக்கலாம். காலையில் கடித்தோமே என்ற நினைப்பு அதற்குத் தேவையே இல்லை. ஆகவே சாயங்காலம் திட்டுவதில் பயன் பூஜ்யம். இன்னும் சொல்லப்போனால் நஷ்டம்: நீங்கள் வீட்டுக்கு வரும் நேரம் அவனுக்குப் பயப்படும் நேரமாகிவிடுகிறது.

சரி, ஏன் செருப்பு? சோபா இருக்கிறது, கால்மிதி இருக்கிறது. நம் மூக்கில் மணம் அறியும் ஏற்பிகள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். உங்கள் உடம்பின் வியர்வை ஊறிய பொருள்களில் அவன் வாய்க்கு எட்டும் உயரத்தில், அதுவும் நீங்கள் மறைந்துபோகும் அதே கதவருகில் இருப்பது செருப்புதான். எமோரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், மயக்க மருந்தும் கட்டும் இல்லாமல், விழித்தபடியே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்க நாய்களைப் பழக்கியவர்கள். அவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் நாய்களுக்குப் பலவித வாசனைகளைக் காட்டினார்கள்: அதன் சொந்த வாசனை, தெரிந்த நாய், தெரியாத நாய், தெரியாத மனிதர், வீட்டு மனிதர். மூளையில் நல்லதை எதிர்பார்க்கும்போது வேலை செய்கிற பகுதி, வீட்டு மனிதரின் வாசனைக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தூண்டப்பட்டது. அந்த மனிதர் அப்போது பக்கத்தில் இல்லை என்பதுதான் இதில் முக்கியம். ஆக, நீங்கள் இல்லாத நேரத்திலும் உங்கள் வாசனை மணிக்குள் ஏதோ ஒன்றை எழுப்புகிறது. அதை ‘அம்மா ஞாபகம்’ என்று மொழிபெயர்ப்பது நம் ஆசை. தவறு என்று சொல்லவும் என்னால் முடியாது.

பகல் முழுக்க அவன் உங்களையே நினைத்து ஏங்குகிறானா என்றால், பழைய மொபைல் ஒன்றை அலமாரி மேல் சாய்த்து வைத்து ஒரு நாள் பதிவு செய்து பாருங்கள். பெரும்பகுதி உங்களுக்குக் கொட்டாவி வரும். வளர்ந்த நாய் நாளில் பாதிக்கு மேல்கூடத் தூங்கும். நடுவில் காய்கறி வண்டிக்காரர் குரலுக்கு ஒரு காது மட்டும் எழும். அமேசான் பையன் கேட்டைத் தட்டினால் எட்டுக் குரைப்பு, அப்புறம் மறுபடி படுக்கை. தூக்கத்தில் பாதம் துடிப்பதும் மெல்ல முனகுவதும் தெரிந்தால் எழுப்பாதீர்கள். நமக்குக் கனவு வரும் அதே வகைத் தூக்கம் நாய்க்கும் உண்டு.

நேரத்தை அவன் எண்ணுகிறானா என்று ஸ்வீடனில் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் வந்த அந்த ஆய்வில் நாய்களை வீட்டில் அரை மணி, இரண்டு மணி, நாலு மணி நேரம் தனியே விட்டார்கள். அரை மணி கழித்து வந்தவரைவிட இரண்டு மணி கழித்து வந்தவரை நாய்கள் கூடுதல் ஆர்ப்பாட்டத்தோடு வரவேற்றன. இரண்டுக்கும் நாலுக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஞாபகமும் நாம் நினைப்பதைவிட உண்டு. புடாபெஸ்ட்டில் 2016-இல், மனிதர் செய்ததைப் பார்த்துச் செய்யப் பழகிய நாய்களிடம், கேட்கப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பே இல்லாத நேரத்தில் ‘செய்’ என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்ததைக்கூடச் சில நாய்கள் செய்துகாட்டின. நேரம் கூடக்கூட நினைவு மங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது செருப்பு இல்லை, மாமியார். பதினோரு மணிக்கு ஒரு கை சோறு, மத்தியானம் சீரியல் ஓடும்போது காலடியில் இடம், நாலு மணிக்கு மொட்டை மாடி. மணியின் பகல் என்பதே அந்த அம்மாள்தான். ஆள் போனதோடு அட்டவணையும் போய்விட்டது. வீடியோ காலில் அவரைக் காட்டினால் கண்டுகொள்ளவே இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். போனில் வாசனை வராதே அம்மா! அவர் கட்டில் பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டு வருகிறானே, அவனைப் பொறுத்தவரை அதுதான் விசாரிப்பு. அவர் கட்டிய பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் அவன் படுக்கும் இடத்தில் போட்டுவையுங்கள்.

இப்போது அந்தப் பதிவில் பார்க்க வேண்டியது முதல் அரை மணி நேரம். தனிமையைத் தாங்க முடியாத நாய் பெரும்பாலும் நீங்கள் கிளம்பிய உடனேயே தொடங்கிவிடும்: இங்குமங்கும் நடப்பது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது, எச்சில் வழிவது, கதவைப் பிறாண்டுவது, ஊளை. செருப்பும் அப்போதே கிழிந்தால் அது பதற்றம். மத்தியானம் இரண்டு மணிக்குத் தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, நிதானமாக ஒரு செருப்பைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய்ப் படுத்துக்கொண்டு மென்றால் அது வெறும் பொழுதுபோகாமை. வைத்தியம் இரண்டுக்கும் வேறு.

பொழுதுபோகவில்லை என்றால் வேலை கொடுங்கள். செருப்பை மூடிய அலமாரிக்குள் வைத்துவிட்டு, உள்ளே குழிவாக இருக்கும் கெட்டி ரப்பர் பொம்மையில் தாளிப்பும் வெங்காயமும் உப்பும் இல்லாத தயிர்சாதத்தை அடைத்து, இரவே ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் கிளம்பும்போது கொடுத்தால் நக்கி எடுக்க வெகுநேரம் ஆகும். வெங்காயம் நாய்க்கு ஆகாது, வேகவைத்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கும். இவை இரண்டும் வேண்டாம். காலை நடையில் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு கம்பத்தையும் நிதானமாக மோந்து பார்க்கட்டும். தெருவில் நேற்றிரவு யார் வந்தார்கள், போனார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அங்கே இருக்கிறது. மூக்குக்கு வேலை கொடுத்த நாய் வீட்டுக்கு வந்ததும் நன்றாகத் தூங்கும்.

பதற்றம் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். சாவியை எடுங்கள், பையை மாட்டுங்கள், அப்புறம் போய் சோபாவில் உட்கார்ந்துகொள்ளுங்கள். சாவிச் சத்தத்துக்கு அவன் தலையைத் தூக்காமல் இருக்கப் பழகும்வரை இதைச் செய்துவிட்டு, அடுத்து கதவுக்கு வெளியே ஒரு நிமிடம், பிறகு மூன்று, பத்து என்று நீட்டுங்கள். பழகும்வரை முழுப் பகலும் தனியே விடாமல் பக்கத்து வீட்டில் யாராவது, அல்லது வேலைக்கு வரும் அம்மா, நடுவில் வந்து எட்டிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கிளம்பும்போது கழுத்தைக் கட்டிக்கொண்டு விடைபெறும் படலம் வேண்டாம். சொல்லும் குரலும் சேர்ந்துதான் அவனுக்கு அர்த்தமாகிறது. 2016-இல் அதே புடாபெஸ்ட்டில் நடந்த எம்.ஆர்.ஐ. ஆய்வில், பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் தொனியில் சொன்னபோதுதான் நாய்களின் மூளையில் மகிழ்ச்சிப் பகுதி எழுந்தது. சொல் மட்டுமோ தொனி மட்டுமோ போதவில்லை. அழுகிற குரலில் ‘நல்ல பையன்டா நீ’ என்றால் அவனுக்குக் குழப்பம்தான்.

இன்னொரு நாய் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். மனிதர் இல்லாமல் தவிக்கும் நாய்க்குப் பெரும்பாலும் நாய்த்துணை மருந்தாவதில்லை. இரண்டு நாய், இரண்டு ஜோடிச் செருப்பு என்று முடிந்துவிடும்.

மீனு விஷயம் எளிது. சுவரில் பேய் இல்லை, பல்லி இருக்கலாம். நம் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனையின் காது அறுபதாயிரத்தையும் தாண்டும். ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் எலிக்குஞ்சு கத்துவது உங்களுக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்கும். அவள் தூங்குவதாக நீங்கள் நினைக்கும் நேரத்திலும் வீட்டில் யார் எங்கே என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சாஹோ தகாகி குழுவினர் 2021-இல், ஒரு பக்க ஒலிபெருக்கியில் வளர்ப்பவர் குரலைக் கேட்கவைத்து, உடனே அதே குரலை வேறு இடத்திலிருந்து ஒலிக்கவிட்டார்கள். ‘இவர் எப்படி அதற்குள் அங்கே போனார்?’ என்பது போலப் பூனைகள் திகைத்துச் சுற்றிப் பார்த்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவதில்லை என்று புகார் சொல்லியிருக்கிறீர்கள். பெயர் தெரியும், ஜப்பானில் அதையும் 2019-இல் காட்டிவிட்டார்கள். வருவதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம்.

நாலரை மணிக்கு வருவோம். விடியலும் அந்தியும் பூனைக்கு வேட்டை நேரம். அந்த நேரத்தில் அவள் நெஞ்சில் ஏறிக் குறுகுறுவென்று குர்ரிடும்போது நடுவே குழந்தை அழுவது போல ஓர் இழை கேட்கிறதா? இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கரேன் மெக்கோம்ப் 2009-இல் பதிவு செய்தது இதைத்தான். சாப்பாடு கேட்கும்போது மட்டும் பூனைகள் குர்ரொலிக்குள் உயர்ந்த சுருதியில் ஒரு கெஞ்சலைச் சேர்க்கின்றன. பூனை வளர்க்காதவர்களுக்குக்கூட அது அவசரமாகப் படுகிறது. நீங்கள் எழுந்து போய்க் கிண்ணத்தை நிரப்பியிருப்பீர்கள். அவளுக்கு வேலை முடிந்தது. இனி எழுந்த உடனே சாப்பாடு போடாதீர்கள்; பல் துலக்கி, காபி போட்டு, அப்புறம் போடுங்கள். இரவு படுக்கும் முன் கயிற்றில் ஏதாவது கட்டி ஓடவிட்டு, களைத்தபின் உணவு. முதல் சில நாள் கெஞ்சல் கூடும், விட்டுக்கொடுத்தால் அவ்வளவுதான். வயதான பூனை இரவில் காரணமில்லாமல் கத்தினால் மட்டும் தைராய்டு, சிறுநீரகம், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஆறு வயது மீனுவுக்கு இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

மணியின் பதிவில் எச்சில் வழிவதோ, நகத்தில் ரத்தம் வரக் கதவைப் பிறாண்டுவதோ, வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதோ தெரிந்தால் பயிற்சி மட்டும் போதாது, மருந்தும் தேவைப்படலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் பக்கத்து மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். போகும்போது அந்த முதல் அரை மணி நேர வீடியோவை போனில் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் மேஜை மேல் நிற்கும் மணி வேறு ஒரு நாயாக இருப்பான். அவரால் அங்கே எதையும் கண்டுபிடிக்க முடியாது.